பைரீன் ஆக்டின் சோதனை: கன்ட்ரோலில் ஆரம்பத் தேக்கமே வரவில்லை

ஆய்வக_எலி:
முயல் தசை ஆக்டின் (தனி மூலக்கூறுகள் கோத்து இழையாகும் புரதம்), 2 மைக்ரோமோலார், அதில் 10 சதவீதம் பைரீன் (இழையானால் கூடுதலாக ஒளிரும் சாயம்) ஒட்டியது. 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 1 மெக்னீசியம் குளோரைடு, 1 ஈஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்வது). 365 நானோமீட்டரில் தூண்டி 407-இல் படிக்கிறேன். ஆக்டின் மட்டும் உள்ள கன்ட்ரோலில் கோடு சில நிமிடம் படுத்துக்கிடந்து அப்புறம்தானே ஏற வேண்டும்? உப்பு ஊற்றிய கையோடு ஏறுகிறது. ஆர்ப்2/3-யும் (இழையில் புதுக் கிளை விடும் புரதக் கூட்டு) அதைத் தூண்டும் விசிஏ-யும் சேர்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆர்ப் செத்துவிட்டதா? வெள்ளிக்கிழமை கைடுக்கு கிராஃப் காட்டியாக வேண்டும்.

ஜெல்_ஓட்டி:
ஆர்ப் மேல் பழி போடாதீர்கள். ஆக்டின் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததா?

ஆய்வக_எலி:
ஆமாம், மைனஸ் 80. உருக்கி அப்படியே போட்டேன்.

ஜெல்_ஓட்டி:
சரி, அதுதான். இரண்டு மோனோமர் (தனி ஆக்டின் மூலக்கூறு) சேர்ந்தால் நிற்காது, பிரிந்துவிடும். மூன்று சேர்ந்தால்தான் கரு. அந்தக் கரு உருவாக ஆகும் நேரம்தான் தேக்கம். உறைந்து உருகியதில் குட்டி இழைத்துண்டுகள் ஏற்கெனவே மிதந்தால் கருவுக்குக் காத்திருக்கவே வேண்டாம். 2 மைக்ரோமோலாரில் இழையின் ஒவ்வொரு பார்ப்டு முனையிலும் (வேகமாக வளரும் முனை) நொடிக்கு ஏறக்குறைய 22 மோனோமர் ஒட்டும். 370 மோனோமர் ஒரு மைக்ரோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 17 நொடியில் ஒரு மைக்ரோமீட்டர் இழை! முனைகள் இப்படிக் குவிந்து கிடந்தால் ஆர்ப் புதிதாகக் கிளை விட்டாலும் அது கிராஃபில் தெரியாது.

உருக்கியதை ஜி-பஃபரில் (ஆக்டினை மோனோமராகவே வைக்கும் உப்புக் குறைந்த கரைசல்) ஓரிரு நாள் டயாலிசிஸ் செய்யுங்கள். ஏடிபி, டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது) புதிதாகப் போடவும். பிறகு 1,00,000 ஜி-யில் 2 மணி நேரம் சுற்றி, மேல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மெதுவாக எடுங்கள். இழைத்துண்டுகள் படிந்த அடியைத் தொடாதீர்கள். முடிந்தால் ஜெல் ஃபில்ட்ரேஷனும் (மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிப்பது).

கால்சியம்_கணேசு:
ஆக்டினோடு ஒட்டிய கால்சியத்தை மெக்னீசியமாக மாற்றாமல் விட்டதும் காரணமாக இருக்கலாமே?

ஜெல்_ஓட்டி:
இல்லை. கால்சியம் ஆக்டினுக்குக் கரு உருவாவது இன்னும் மந்தம், தேக்கம் நீளத்தான் செய்யும். ஆனாலும் மாற்றுவது நல்லது: 50 மைக்ரோமோலார் மெக்னீசியம், 0.2 மில்லிமோலார் ஈஜிடிஏ, 2 நிமிடம், அதற்குப் பின் உப்பு.

ஆய்வக_எலி:
சுற்றி எடுத்ததில் தேக்கம் வந்துவிட்டது, ஆர்ப் சேர்த்தால் கோடு செங்குத்தாக ஏறுகிறது. மிக்க நன்றி! ஒரு கேள்வி மட்டும். பார்ப்டு முனையின் கிரிட்டிக்கல் கான்சன்ட்ரேஷன் (மோனோமர் இதற்கு மேல் இருந்தால்தான் இழை வளரும்) 0.1 மைக்ரோமோலார்தான். செல்லில் அதைவிட எத்தனையோ மடங்கு ஆக்டின் இருந்தும் மொத்தமும் ஏன் இழையாகிவிடுவதில்லை?

ஜெல்_ஓட்டி:
பார்ப்டு முனைகள் பெரும்பாலும் கேப்பிங் புரதத்தால் மூடப்பட்டிருக்கும். மோனோமர்களில் ஒரு பங்கைத் தைமோசின் பீட்டா-4 என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். மீதியோடு பெரும்பாலும் ப்ரொஃபிலின் என்ற இன்னொரு புரதம் ஒட்டியிருக்கும். அது ஒட்டிய மோனோமர் தானாகக் கருவாகாது, பாயிண்டட் முனையிலும் (மெதுவாக வளரும் மறுமுனை) சேராது. திறந்திருக்கும் பார்ப்டு முனையில் மட்டும் சேரும். எனவே எங்கே இழை வேண்டும் என்பதை ஆர்ப்2/3-உம் ஃபார்மின் என்ற புரதமும் முடிவு செய்கின்றன. ஆர்ப் கிளை விட ஏற்கெனவே ஓர் இழை வேண்டும், ஃபார்மினுக்கு அது வேண்டாம்.

அடுத்து ப்ரொஃபிலின் போடுவதாக இருந்தால் ஒன்று: பைரீன் ஒட்டிய ஆக்டினை அது சரியாகப் பிடிக்காது. பைரீன் பங்கைக் குறைத்து ஓட்டுங்கள்.