கடற்பாசிக் குறிப்புகளை எந்த ஆப்பில் சேர்ப்பது? நோஷனா, ஆப்சிடியனா, கீப்பே போதுமா?

கடலோரம், பாம்பன்:
வணக்கம். சின்னப்பாலம், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகும் அம்மாக்களிடம் பேசி, எந்தப் பாசி எந்த மாதத்தில் நன்றாக வளரும், எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும் என்றெல்லாம் எழுதி வருகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அவர்கள் கடலுக்குப் போவார்கள், மற்ற நாட்களில் உட்கார்ந்து பேசலாம். குறிப்புகள் பாதி கூகுள் கீப்பில், பாதி எனக்கே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளில், மீதி கணினியில் டைப் செய்தவையும் குரல் பதிவுகளும். ஒரே பாசியை ஊருக்கு ஊர் வேறு பெயரில் சொல்கிறார்கள் என்பது ஒரு சிக்கல். அதைவிட, "மரிக்கொழுந்து" என்ற பாசியின் பெயரைத் தேடினால் பாதிக் குறிப்புகள் வருவதே இல்லை, கண் முன்னால் அந்தச் சொல் இருக்கிறது! கடற்கரையில் சிக்னல் வந்து வந்து போகும், மாதாமாதம் பணம் கட்டவும் முடியாது. ஃபோன் ஆண்ட்ராய்டு, கணினி பழைய விண்டோஸ். எதை எடுக்கலாம்?

கீழக்கரை வாசகர்:
நோஷன் பார்க்க அழகு, அட்டவணை போடுவதும் சுலபம். ஆனால் எல்லாம் அவர்கள் சர்வரில்தான் இருக்கும். 2025 ஆகஸ்டில் ஆஃப்லைன் வசதி வந்தது, இருந்தாலும் இலவசக் கணக்கில் வேண்டிய பக்கத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இன்னொன்று, இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் ஏறாது. 64 கேபிபிஎஸ் தரத்தில் பத்து நிமிடப் பேச்சே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். பெரியவர்கள் பத்து நிமிடத்திலா பேசி முடிப்பார்கள்? எவர்நோட் பக்கம் போகவே வேண்டாம், 2023 டிசம்பரிலிருந்து இலவசத்தில் 50 குறிப்புகள்தான்.

தொண்டி அண்ணன்:
தங்கச்சி, ஆப்சிடியன் எடுத்துக்கொள். குறிப்பெல்லாம் உன் ஃபோனிலேயே ஒரு ஃபோல்டரில் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும், சிக்னலே வேண்டாம். நாளைக்கு அந்த ஆப் மூடிப்போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம், இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிது. பெயர்ச் சிக்கலுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பாசிக்கும் ஒரு குறிப்பு போடு, அதன் தலைப்பகுதியில் அலியாஸ் என்ற இடத்தில் மற்ற ஊர்ப் பெயர்களையும், மரிக்கொழுந்துக்கு ஜெலிடியெல்லா என்பதுபோல் அறிவியல் பெயரையும் எழுது. அப்புறம் எந்தப் பேச்சுக் குறிப்பில் எந்தப் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதத் தொடங்கினாலும் அதே பாசியைக் காட்டும், தேர்ந்தெடுத்தால் போதும். அந்தப் பாசியின் குறிப்பைத் திறந்தால் அதைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று பேக்லிங்க்கில் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் அம்மா சொன்ன பெயரை அவர் சொன்னபடியே எழுது, அறிவியல் பெயருக்கு மாற்றிவிடாதே.

எழுத்துருக்காரர், ராமநாதபுரம்:
தேடல் சிக்கல் ஆப் மாற்றினால் தீராது. "கொ"வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், தேடும் நிரலுக்குப் பல சமயம் வேறு வேறு. வராத குறிப்பில் "கொ"வுக்கு அடுத்துக் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்திப் பாருங்கள். "கெ" மிஞ்சினால் அது பிரித்து எழுதியது, "க" மிஞ்சினால் சேர்த்து எழுதியது. கொண்டல், சோழகம் என்று காற்றுப் பெயர்களிலும் இதே தொல்லை வரும். எழுத்தையெல்லாம் ஒரே வடிவத்துக்கு, அதாவது சேர்த்து எழுதும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் புது ஆப்பில் சேருங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது ஏதாவது இருந்தால் அதை முதலில் யூனிகோடாக்க வேண்டும்.

கடலோரம், பாம்பன்:
"கெ" தான் மிஞ்சுகிறது! கணினியில் அடித்தவை எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன, ரொம்ப நன்றி அண்ணா. சரி, ஆப்சிடியன் என்றால் ஃபோனுக்கும் கணினிக்கும் எப்படிப் பரிமாறுவது? அவர்களுடைய சிங்க் காசாமே.

தொண்டி அண்ணன்:
சிங்க்திங் போடு, இலவசம். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தாலே போதும், இணையம் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் அதிகாரபூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, சிங்க்திங்-ஃபோர்க் என்று தேடு. ஒரே குறிப்பை இரண்டிலும் மாற்றிவிட்டால் இரண்டாவது பிரதி ஒன்று கிடக்கும், பார்த்துச் சேர்த்துக்கொள். இது பேக்கப் ஆகாது, ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடு.

மண்டபம் அக்கா:
ஒன்று சொல்லட்டுமா தம்பி, தங்கச்சிகளே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. யார் எந்தத் தீவுப் பக்கம் போனார்கள் என்று பெயரோடு எழுதி வைத்தால் அந்த அம்மாவுக்குத் தொந்தரவு வரலாம். ஆப்சிடியன் கோப்புகளுக்குப் பூட்டு கிடையாது, ஃபோன் கைக்கு வந்தால் யாரும் படிக்கலாம். பெயருக்குப் பதில் ஒரு குறியீடு போடுங்கள், அந்தப் பட்டியல் காகித நோட்டில் இருக்கட்டும். குரல் பதிவுக்கும் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கடலோரம், பாம்பன்:
கட்டாயம் அக்கா, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். கீப்பில் இருப்பதை ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டுமா?

தொண்டி அண்ணன்:
வேண்டாம். நம் தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் கீப்பை மட்டும் தேர்வு செய்து ஜிப்பாக இறக்கு, ஆப்சிடியனின் இம்போர்ட்டர் என்ற துணைநிரல் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். வாட்ஸ்அப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்தால் எழுத்துக் கோப்பாகவே வரும். முதலில் கொஞ்சம் குறிப்புகளை மட்டும் ஏற்றி "மரிக்கொழுந்து" தேடிப் பார், எல்லாம் வந்தால் மிச்சத்தை ஏற்று.