ஜாஸ் கிட்டாருக்குத் தெளிவான கிளீன் டோன்: உங்களுக்கு எப்படி அமைந்தது?

ஜாஸ் டோன் வேண்டுமா, டோன் குமிழை முழுக்க அடைத்துவிடு என்றுதான் பலரும் சொல்வார்கள். தனியாக வாசிக்கும்போது அது இதமாகத்தான் இருக்கும். டபுள் பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் கிட்டார் எங்கே போனது என்றே தெரியாது. எனக்குப் பலன் தந்தது, ட்ரெபிளை (உச்ச ஒலியை) அடைப்பதைவிட பேஸை, அதாவது அடி ஒலியை, குறைத்ததுதான்.

என்னுடையது உள்ளே குடைவான ஹாலோபாடி கிட்டார். அதில் ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), கழுத்துப் பக்கத்து நெக் பிக்கப் மட்டும். ஆம்ப் (ஒலிபெருக்கி) ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். இந்த வகை ஆம்பில் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்தால் மிட் (நடு ஒலி) குழிவிழுந்துதான் கேட்கும், சர்க்யூட்டே அப்படி. அதனால் மிட் 8 அல்லது 9, பேஸ் 2, ட்ரெபிள் 3 பக்கம், உச்ச ஒலியைக் கூட்டும் பிரைட் சுவிட்ச் ஆஃப். பார்க்க விநோதமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கிட்டாரின் வால்யூமை 7-க்கு இறக்குகிறேன். ட்ரெபிளைக் காக்கும் 'ட்ரெபிள் பிளீட்' சர்க்யூட் பொருத்தாத கிட்டார்களில் வால்யூமோடு சேர்ந்து ட்ரெபிளும் கொஞ்சம் இறங்கும். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) படும் அந்த 'டிக்' மழுங்கும், ஸ்வரம் மழுங்காது. டோன் குமிழில் கை வைக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

*

எனக்குக் கம்பியை மாற்றியபோதுதான் வழி திறந்தது. உருண்ட கம்பி சுற்றிய 10-46 ரவுண்ட்வுண்ட் செட்டில் (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மூன்றாவது கம்பிக்குச் சுற்று கிடையாது. கார்ட் பிடித்தால் அது மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். தட்டையான பட்டை சுற்றிய 12-52 ஃப்ளாட்வுண்டில் அதுவும் சுற்றிய கம்பி. நான்கு ஸ்வர கார்ட்கள் ஒரே குரலில் வர ஆரம்பித்தன, விரல் வழுக்கும் கீச்சும் போனது. நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் துண்டு) பள்ளங்களைக் கொஞ்சம் அகலமாக்கி, இன்டொனேஷனையும் (கழுத்து முழுக்க சுருதி சரியாக இருப்பதையும்) மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது.

பேஸ் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. ஆம்பைத் தொடாமலும் கொஞ்சம் செய்யலாம்: பிக்கப்பின் தடித்த கம்பிப் பக்கத்து ஸ்குரூவைச் சற்று இறக்கினேன், ஆறாவது கம்பியின் உறுமல் அடங்கிவிட்டது.

*

ஹாலோபாடி இல்லையே என்று தயங்குபவர்களுக்காக எழுதுகிறேன். கனடாவின் ஜாஸ் கிட்டாரிஸ்ட் எட் பிக்கர்ட் நெக்கில் ஹம்பக்கர் போட்ட டெலிகாஸ்டரில்தான் (குடைவில்லாத திட மரக் கிட்டார்) அந்த அழகான கார்ட்களை வாசித்தார். இன்னொரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மாண்ட்கோமெரிக்குப் பிக்கே தேவைப்படவில்லை, கட்டைவிரல் போதும்.

நானும் டெலிகாஸ்டர்தான், ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயில். 2 மி.மீ. பிக்கின் கூர்முனையை விட்டுவிட்டு, அதன் உருண்ட தோள்பக்கத்தால், ஃபிரெட்போர்டு முடியும் இடத்துக்கு மேலேயே மீட்டுகிறேன். உடல்பக்கம் கம்பிகள் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் கை நகர்ந்தால் அதே செட்டிங்கில் தகரம் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, குழுவோடு வாசிக்கும் சத்தத்திலேயே குமிழ்களை முடிவு செய்யுங்கள். குறைந்த சத்தத்தில் காதுக்கு பேஸ் குறைவாகத்தான் எட்டும். அங்கே நிறைவாக வைத்தது மேடையில் கும்மென்று அமுக்கும்.

ரிவெர்ப்தான் (அறை எதிரொலி போன்ற விளைவு) எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 2-ஐத் தாண்டினால் வேகமான வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, எடுத்துவிட்டால் மெதுவான பாலட்கள் வறண்டு போகின்றன. பாட்டுக்குப் பாட்டு மாற்றுகிறீர்களா, ஒரே இடத்தில் விட்டுவிடுகிறீர்களா?