உள்ளங்கை ஓயாமல் வியர்ப்பது நோயா, உடல்வாகா?

கேள்வி:
எனக்கு வயது 22. பள்ளிப் பருவத்திலிருந்தே, வெயிலோ உழைப்போ இல்லாத நேரத்திலும் இரு உள்ளங்கைகளும் பாதங்களும் ஈரமாகவே இருக்கின்றன. எழுதும்போது தாள் நனைகிறது. யாரேனும் கைகுலுக்க வந்தால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் நின்றுவிடும் என்கிறார்கள் வீட்டில். இதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பதில் 1:
பார்க்க வேண்டும். நீங்கள் விவரிப்பது, வேறு நோய் எதுவும் காரணமாக இல்லாமல் அளவுக்கு மீறி வியர்க்கும் முதன்மை மிகைவியர்வை என்னும் நிலையோடு பெரிதும் ஒத்துப்போகிறது. இதில் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கையிலோ அமைப்பிலோ குறையில்லை. அவற்றைத் தூண்டும் பரிவு நரம்புகள்தாம் (நம் விருப்பமின்றித் தாமாக இயங்கும் நரம்புகள்) தேவைக்கு மீறி இயங்குகின்றன. பதற்றம் அதைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் வியர்த்துவிடுமோ என்ற அச்சமே பதற்றமாகி மேலும் வியர்க்க வைப்பதால், எது காரணம், எது விளைவு என்று பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை; மனத்திடம் பற்றிய அறிவுரை அந்தக் குழப்பத்தில் பிறப்பதுதான்.

எவ்வளவு வியர்க்கிறது என்று மருத்துவர்கள் பொதுவாக அளப்பதில்லை. எங்கே, எப்போது, எப்படி என்றே கேட்பார்கள். தெளிவான காரணமின்றி 6 மாதங்களுக்கு மேல் நீடிப்பது, உடலின் இருபுறமும் ஒரேபோல் வியர்ப்பது, வாரத்துக்கு ஒருமுறையேனும் நிகழ்வது, 25 வயதுக்கு முன் தொடங்குவது, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருப்பது, அன்றாட வேலைகளைக் கெடுப்பது ஆகியவை முக்கியமான அடையாளங்கள். உறங்கும்போது உங்கள் கைகள் உலர்ந்துவிடுகின்றனவா?

பதில் 2:
அந்தக் கடைசிக் கேள்வியை எளிதாகக் கடந்துவிடாதீர்கள். உடல் முழுவதும் வியர்ப்பது, நடுவயதில் திடீரெனத் தொடங்குவது, இரவில் படுக்கை நனைவது, கூடவே காய்ச்சலோ எடைக்குறைவோ இருப்பது ஆகியவை வேறு வகை. அதிகத் தைராய்டு சுரப்பு, காசநோய், நிணநீர்ப் புற்று, இரத்தச் சர்க்கரை தாழ்வது, மாதவிடாய் நிற்கும் பருவம், சில மனச்சோர்வு மருந்துகள் என அதன் காரணங்கள் பல. அங்கே வியர்வையைவிட அதன் காரணத்துக்கே மருத்துவம் தேவை.

கேட்டவர்:
உறக்கத்தில் கைகள் உலர்ந்தே இருக்கின்றன என்று வீட்டில் உறுதிசெய்தார்கள். என் தந்தைக்கும் இளமையில் இப்படி இருந்ததாம். அறுவை சிகிச்சையால் ஒரேயடியாகத் தீருமா?

பதில் 1:
அறுவை சிகிச்சையிலிருந்து தொடங்காதீர்கள். மார்புக்குள் பரிவு நரம்பைத் துண்டித்தால் கைகள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். ஆனால் முதுகு, வயிறு, தொடை ஆகிய இடங்களில் ஈடுகட்டும் வியர்வை, அதாவது கைகளில் நின்றதற்குப் பதிலாக வரும் மிகுதியான வியர்வை, பலருக்கு உண்டாகிறது, சிலருக்கு அது பழைய தொல்லையைவிடக் கடுமையாக இருக்கிறது. துண்டித்த நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நம்பகமான வழியும் இல்லை. ஆகவே அதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

முதலில் தோல் மருத்துவரைக் காணுங்கள். அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சை நன்கு உலர்ந்த தோலில் இரவில் தடவிக் காலையில் கழுவச் சொல்வார்கள். ஈரத்தோலில் தடவினால் எரியும். உள்ளங்கைத் தோல் தடிப்பானது என்பதால் இது மட்டும் போதாமற்போகலாம். அப்போது, நீர்த்தட்டில் கைகளை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் அயான்டோஃபோரசிஸ் முறை, என் கருத்தில், கைகளுக்கும் பாதங்களுக்கும் மிகப் பொருத்தமானது. விட்டுவிட்டால் வியர்வை திரும்பும் என்பதால் தொடர்ந்து செய்ய வேண்டும். கருவுற்றவர்களுக்கும் இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கும் இது ஆகாது. வியர்வைச் சுரப்பிகளுக்கு வரும் நரம்புத் தூண்டலைத் தடுக்கும் போட்டுலினம் ஊசியின் பலன் சில மாதங்கள் நிற்கும், ஆனால் உள்ளங்கையில் போட்டால் வலி அதிகம், பிடிமானமும் தற்காலிகமாகத் தளரக்கூடும். மாத்திரைகளும் உண்டு, வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவற்றைத் தாங்க முடிகிறதா என்பதைப் பொறுத்தே அவற்றைத் தொடர முடியும்.