பை 4-லிருந்து பை 5-க்கு மாற்றியதும் ஹோம் அசிஸ்டன்ட் எழுந்த வேகத்தில் விழுகிறது (லாக் உள்ளே)

திண்ணை_ஸ்விட்ச்:
வணக்கம். விவரம் முதலில்.

பழையது: ராஸ்பெர்ரி பை 4 (கைக்கடக்கமான சிறு கணினி), 4 ஜிபி. புதியது: பை 5, 8 ஜிபி, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் புக்வார்ம் லைட் 64 பிட், மேலே ஒரு எம்.2 பலகை, அதில் 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. இரண்டிலும் டாக்கர் கம்போஸ்தான் (நிரல்களைத் தனித்தனிப் பொதிகளாக, அதாவது கன்டெய்னர்களாக, ஓட்டும் கருவி). ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு ஆட்டோமேஷன்), மஸ்கிட்டோ (இவற்றிடையே செய்தி கடத்துவது), ஜிக்பீ2எம்க்யூடிடி (ஜிக்பீ ரேடியோவில் பேசும் சென்சார்களை இணைப்பது) மூன்றும் தனித்தனி கன்டெய்னர். கான்ஃபிக் கோப்பகங்களையும் கம்போஸ் கோப்பையும் அப்படியே நகலெடுத்தேன். ஹோம் அசிஸ்டன்ட் இமேஜ் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு. ஒரு கஸ்டம் இன்டக்ரேஷன் புதியதில் ஓடாததால் டேக் போட்டு அங்கேயே நிறுத்தியிருக்கிறேன்.

மஸ்கிட்டோ ஒழுங்காக ஓடுகிறது. ஹோம் அசிஸ்டன்ட் மட்டும் ஓயாமல் ரீஸ்டார்ட். லாகில் திரும்பத் திரும்ப ஒரே வரி: "ஜெமாலாக்: அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்". ஜிக்பீ கன்டெய்னர் எழுகிறது, ஆனால் சென்சார்களில் பாதி ஆஃப்லைன்.

ரேம் கோளாறா? போர்டைத் திருப்பிக் கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

கெர்னல்_கந்தன்:
போர்டைத் திருப்ப வேண்டாம். ரேமும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியே முழுக் கதையையும் சொல்லிவிட்டது.

பை 5-ல் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் தானாகத் தேர்ந்தெடுக்கும் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) நினைவகத்தை 16 கேபி பக்கங்களாகப் பிரிக்கிறது. பை 4-ல் அது 4 கேபி. பை 4-ன் கார்டெக்ஸ் ஏ72 கோருக்கு 16 கேபி பக்கம் என்ற வசதியே கிடையாது, பை 5-ன் ஏ76-க்கு உண்டு. நினைவகத்தை ஒதுக்கித் தரும் ஜெமாலாக் நூலகமோ பக்க அளவை கம்பைல் செய்யும்போதே உள்ளே பதித்துக்கொள்ளும். பெரிய பக்கத்துக்குக் கட்டியது சிறியதில் ஓடும். சிறியதுக்குக் கட்டியது பெரியதில் ஓடாது. உங்கள் பழைய இமேஜ் இரண்டாவது ரகம். மஸ்கிட்டோவுக்கு ஜெமாலாக்கோடு சம்பந்தமில்லை, அதனால் அது தப்பித்தது.

உறுதி செய்ய டெர்மினலில் "கெட்கான்ஃப் பேஜ்சைஸ்" கொடுங்கள் (பின்சொல் முழுக்கப் பெரிய எழுத்தில்). 16384 என்று வந்தால் நான் சொன்னதுதான்.

தீர்வு இரண்டு. முதலாவது, கம்போஸ் கோப்பில் ஹோம் அசிஸ்டன்டின் என்விரான்மென்ட் பகுதியில் "டிஸேபிள்_ஜெமாலாக்" என்ற மாறியைச் சேர்ப்பது. முழுக்கப் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு, மதிப்பு ட்ரூ. ஹோம் அசிஸ்டன்ட் ஆவணத்திலேயே உள்ள வழி இது. சேர்த்த பிறகு கம்போஸில் ரீஸ்டார்ட் கொடுத்தால் மாறாது, பழைய கன்டெய்னரே பழைய மாறிகளோடு மறுபடி எழும். "அப்" கட்டளைதான் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும். பலர் இங்கேதான் மாட்டிக்கொண்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறார்கள்.

இரண்டாவது, 4 கேபி கெர்னலுக்கே மாறுவது. கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பின் கடைசியில், "ஆல்" என்ற தலைப்புக்குக் கீழே, "கெர்னல்=கெர்னல்8.ஐஎம்ஜி" என்று ஒரு வரி, பிறகு ரீபூட். புக்வார்மில் இந்தக் கோப்பு பூட் கோப்பகத்துக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் கோப்பகத்தில் இருக்கிறது. பூட்டிலேயே அதே பெயரில் ஒரு கோப்பு தென்படும், அதில் எழுதினால் பயனில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது. ஜெமாலாக்கை உள்ளே வைத்துக் கட்டிய வேறு கன்டெய்னர்களும் இருக்கின்றன. ரெடிஸ் ஒரு உதாரணம். ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட அடியிலேயே சரிசெய்வது மேல். வேகம் கொஞ்சம் குறையும், விளக்கு போடுகிற வேலைக்கு அது கண்ணில் படாது.

வாழைத்தோப்பு:
இவ்வளவு எதற்கு? ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் போடுங்கள். பை 5-க்கு 12-ஆம் பதிப்பிலிருந்தே தனி இமேஜ் இருக்கிறது. ஆட்-ஆன், பேக்கப் எல்லாம் ஒரே இடத்தில். பழைய பேக்கப் கோப்பை முதல் திரையிலேயே ஏற்றிவிடலாம். ஒன்றே ஒன்று: பை 4 இமேஜை எழுதாதீர்கள், பை 5-ல் அது பூட் ஆகாது.

கெர்னல்_கந்தன்:
@வாழைத்தோப்பு, வீட்டு ஆட்டோமேஷன் மட்டும் ஓட்டுகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி, புதிதாகத் தொடங்குகிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். இவர் கம்போஸில் பழகியவர், பழைய பதிப்பில் வேறு பூட்டி வைத்திருக்கிறார். ஓஎஸ் மாற்றம், பதிப்பு மாற்றம், போர்டு மாற்றம் மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது உடைந்தது என்றே தெரியாது. கன்டெய்னர் முறைக்கு ஆதரவு தொடர்கிறது. 2025-ல் நிறுத்துவதாக அறிவித்தவை கோர், சூப்பர்வைஸ்டு என்ற இரண்டு நிறுவல் முறைகளும் 32 பிட்டும்தான்.

திண்ணை_ஸ்விட்ச்:
16384-தான் வந்தது. கெர்னல்8 வரி சேர்த்து ரீபூட் செய்தேன், இப்போது 4096. ஹோம் அசிஸ்டன்ட் எழுந்துவிட்டது, டேஷ்போர்டு பறக்கிறது. நன்றி.

ஆனால் ஜிக்பீ அப்படியேதான். டாங்கிள் (ஜிக்பீ ரேடியோ உள்ள யூஎஸ்பி குச்சி) சிசி2652பி சிப் உள்ளது, பழைய பையில் இருந்த அதே டாங்கிள். பிளக்குகள் எல்லாம் பதில் சொல்கின்றன, கதவு சென்சாரும் மொட்டைமாடித் தொட்டி சென்சாரும் வருவதில்லை. நெட்வொர்க் கீ (ஜிக்பீ வலையின் ரகசியச் சாவி) மாறிவிட்டதோ? எல்லாவற்றையும் மறுபடி பேர் செய்ய (வலையில் புதிதாகச் சேர்க்க) வேண்டுமா?

ஒயர்மேன்:
பேர் செய்வதைத் தொடவே தொடாதீர்கள். கீ மாறியிருந்தால் ஒன்றுவிடாமல் போயிருக்கும், பாதி மட்டும் போயிருக்காது. மின்சாரத்தில் ஓடுவது இருக்கிறது, பேட்டரியில் ஓடுவது போகிறது என்றால் அது சிக்னல் பிரச்சினை. மூன்று கேள்வி:

டாங்கிள் எந்தப் போர்ட்டில், நீலமா (யூஎஸ்பி 3) கறுப்பா (யூஎஸ்பி 2)? பக்கத்துப் போர்ட்டில் என்ன இருக்கிறது? பவர் அடாப்டர் என்ன?

கூடவே, வோல்டேஜ் இறங்கியதா என்று பார்க்க, "விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்" கொடுத்து வருகிற எண்ணைப் போடுங்கள்.

திண்ணை_ஸ்விட்ச்:
டாங்கிள் நேரடியாக நீலப் போர்ட்டில். பக்கத்து நீலப் போர்ட்டில் பேக்கப்புக்கு 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். அடாப்டர் பை 4-உடையது, 3 ஆம்பியர். எண்: 0எக்ஸ்50000. லேப்டாப்பின் 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா?

ஒயர்மேன்:
கேட்டது நல்லது. அந்த ஹார்ட் டிஸ்க்தான் இரண்டு பக்கமும் குடைச்சல் கொடுக்கிறது.

மின்சாரம் முதலில். 50000-ல் இரண்டு எச்சரிக்கைக் கொடிகள் ஏறியிருக்கின்றன: பூட் ஆனதிலிருந்து எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, அதனால் வேகத்தையும் குறைத்திருக்கிறது. இந்த நொடியில் நடந்துகொண்டிருந்தால் 50005 என்று காட்டும். 3 ஆம்பியர் அடாப்டர் என்று தெரிந்தால் பை 5 நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் தரும். 5 ஆம்பியர் என்றால் 1.6 ஆம்பியர். சுழலும் டிஸ்க் ஒன்று கிளம்பும்போதே 600-ஐத் தாண்டிவிடும். என்விஎம்இ இந்த 600 கணக்கில் வராது, ஆனால் அதுவும் அதே 5 வோல்ட் வழியில்தான் குடிக்கிறது.

65 வாட் சார்ஜர் உதவாது. அது 65 வாட் தருவது 20 வோல்ட்டில். 5 வோல்ட்டில் கேட்டால் பெரும்பாலானவை 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். பை 5-க்கு வேண்டியது 5.1 வோல்ட், 5 ஆம்பியர். அடாப்டரின் மேலே பொடி எழுத்தில் இந்த ஜோடி அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கான்ஃபிக்கில் ஒரு வரி போட்டு 600 வரம்பைத் தூக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தூக்கலாம்தான், 3 ஆம்பியர் அடாப்டரோடு அதைச் செய்தால் வோல்டேஜ் இன்னும் விழும்.

அடுத்தது ரேடியோ. யூஎஸ்பி 3-ல் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளம்பும். இன்டெல் 2012-லேயே அளந்து வெளியிட்டது. ஜிக்பீ அதே பட்டை. டிஸ்க்கும் டாங்கிளும் ஒட்டி உட்கார்ந்தால் பக்கத்து அறைப் பிளக்கின் உரத்த குரல் கேட்கும், மாடியிலிருக்கும் காசு பேட்டரி சென்சாரின் முணுமுணுப்பு கேட்காது. நீங்கள் சொன்ன அறிகுறி இதுவேதான்.

செய்ய வேண்டியது: 1 மீட்டருக்குக் குறையாத யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று, கறுப்புப் போர்ட்டில். டாங்கிளைப் பையிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் ரௌட்டரிலிருந்தும் தள்ளி, ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும்படி. 3.0 கேபிள் வாங்காதீர்கள்.

கம்போஸில் டாங்கிளின் முகவரியாக டிடிஒய் யூஎஸ்பி 0 என்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். "டெவ்" கோப்பகத்துக்குள் "சீரியல்", அதற்குள் "பை-ஐடி" இருக்கும். அங்கே டாங்கிளின் பெயரோடு வரும் நீண்ட முகவரியைப் போட்டால் போர்ட் மாறினாலும் குழம்பாது.

வாழைத்தோப்பு:
வைஃபை சேனலையும் பாருங்கள். ஜிக்பீ2எம்க்யூடிடி சொல்லாவிட்டால் 11-ஆம் சேனலில் உட்காரும், அது 2405 மெகாஹெர்ட்ஸ். வைஃபை சேனல் 1 அதன் தலைமேலேயே இருக்கும். ஜிக்பீ சேனலை மாற்றினால் சில சாதனங்களை மறுபடி பேர் செய்ய நேரலாம், ஆகவே ரௌட்டரில் 2.4-ஐ சேனல் 11-க்கும் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்கும் மாற்றிவிடுங்கள். எண் ஒன்றுதான், ஆனால் வைஃபை 11-ம் ஜிக்பீ 11-ம் பட்டையின் எதிரெதிர் ஓரம்.

ஒயர்மேன்:
ஆமாம், சேனலை மாற்றுவதானால் ரௌட்டரில்தான். இன்னொன்று: ஸ்விட்ச் போர்டுக்குள் ஜிக்பீ ரிலே வைத்திருந்தால், சுவரில் பதித்த இரும்புப் பெட்டி சிக்னலைப் பாதி விழுங்கிவிடும். ஸ்மார்ட் பல்ப் இருந்தாலும் கவனம். பல்ப் பக்கத்து சென்சார்களுக்கு ஜிக்பீ ரௌட்டராக, அதாவது சிக்னலைக் கடத்திவிடும் இடைநிலையமாக, நிற்கும், வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்தால் அதைப் பிடித்திருந்த சென்சார்கள் அந்தரத்தில். மாடிப்படி பக்கம் எப்போதும் மின்சாரம் இருக்கிற ஒரு ஜிக்பீ பிளக் போடுங்கள்.

பேட்டரி சென்சார்கள் உடனே வரவில்லை என்று பதறாதீர்கள். தூங்கி எழும்போதுதான் வழி தேடும். அவசரமென்றால் சென்சாரின் பொத்தானை ஒருமுறை லேசாக அழுத்தி எழுப்பலாம், நீண்ட நேரம் பிடித்தால் ரீசெட் ஆகிவிடும்.

திண்ணை_ஸ்விட்ச்:
5 ஆம்பியர் அடாப்டர், எக்ஸ்டென்ஷன் கேபிள் இரண்டும் போட்டாயிற்று. த்ராட்டில்ட் இப்போது 0எக்ஸ்0. கதவு சென்சார் தானாக வந்தது. தொட்டி சென்சார், படிக்கட்டில் பிளக் போட்ட பிறகு வந்தது. லிங்க் குவாலிட்டி (சிக்னல் தரம்) முன்பு 20-ஐ ஒட்டி, இப்போது 90-க்கு மேல்.

மிச்சம் இரண்டு. எஸ்டி கார்டை எடுத்துவிட்டு என்விஎம்இ-யிலிருந்தே பூட் செய்ய வேண்டும். அப்புறம், கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் எழுந்து நெட் கிடைக்கும்வரை கடிகாரம் பின்தங்கி நிற்கிறது, மோட்டார் ஆட்டோமேஷன் தப்பான நேரத்தில் ஓடப் பார்க்கிறது.

கெர்னல்_கந்தன்:
என்விஎம்இ: கார்டில் இருப்பதை அதற்கு நகலெடுத்துவிட்டு, ராஸ்பி-கான்ஃபிக்கில் அட்வான்ஸ்டு, பூட் ஆர்டர், என்விஎம்இ. பலகை, ராஸ்பெர்ரி பை வகுத்த ஹேட் பிளஸ் என்ற துணைப்பலகைத் தரத்தில் இல்லையென்றால் ஈப்ராம் (பூட்லோடர் இருக்கும் சிப்) கான்ஃபிக்கில் "பிசிஐஇ_ப்ரோப்=1" வரியும் வேண்டும், இல்லாவிட்டால் பூட்லோடருக்கு டிஸ்க் கண்ணிலேயே படாது. பிசிஐஇ இணைப்பை ஜென் 3 வேகத்துக்குத் தூக்க வேண்டாம். பை 5-க்குச் சான்றளித்தது ஜென் 2 வரைதான், ஹோம் அசிஸ்டன்ட் டேட்டாபேசுக்கு அதுவே ஏராளம்.

கடிகாரம்: பை 5-ல் ஆர்டிசி (நேரம் காக்கும் கடிகாரச் சுற்று) உள்ளேயே இருக்கிறது, பேட்டரிதான் இல்லை. டைப்-சி சாக்கெட் பக்கத்தில் "பேட்" என்று எழுதிய இரண்டு பின் கனெக்டர், ஜே5. அதற்கான சார்ஜ் ஆகும் லித்தியம் காசு பேட்டரியை வாங்கிச் செருகுங்கள். சார்ஜிங் இயல்பில் அணைந்திருக்கும். கான்ஃபிக்.டிஎக்ஸ்டியில் "டிடிபேரம்=ஆர்டிசி_பிபேட்_விசிஹெச்ஜி=3000000" என்று சேர்த்தால் 3 வோல்ட் வரை ஏற்றும்.

திண்ணை_ஸ்விட்ச்:
கைவசம் சிஆர்2032 இருக்கிறது. ஒயர் பற்றவைத்துப் போடலாமா?

ஒயர்மேன்:
போடலாம், ஆனால் காசு மேல் நேரடியாகப் பற்றவைக்காதீர்கள், ஒயர் வைத்த ஹோல்டரில் போடுங்கள். அதோடு மேலே சொன்ன சார்ஜிங் வரியைச் சேர்க்கவே கூடாது. சிஆர்2032 சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி இல்லை. ஏற்றினால் கசியும், வெடிக்கவும் செய்யும்.