ஃபிளானல் பட்டை தைச்சா வாழைப்பழம் மாதிரி வளையுது

மஞ்சக்கிழங்கு:
ஏசி ரூமுக்கு 45-க்கு 60 இன்ச்ல ஒரு குவில்ட் (துண்டுத்துணிகளை இணைச்சு அடுக்கித் தைக்கிற போர்வை) போடுறேன். கோடவுன் தெருவுல எடுத்த ஃபிளானல், மூணு கலர், 44 இன்ச் பன்னா (துணியோட அகலம்). கரைக்குக் கரை மூன்றரை இன்ச் பட்டையா வெட்டி, மூணு மூணா சேர்த்து, அப்புறம் சதுரமா வெட்டுறதா திட்டம். மூணாவது பட்டை சேரும்போதே மொத்தமும் வளைஞ்சிடுது. மேல வெச்ச பட்டை முடிவுல அரை இன்ச் வெளிய நீட்டிட்டு நிக்குது. தையலுக்குக் கால் இன்ச் விட்டேன், இஸ்திரி போட்டதும் ஓரத்துல நூல் பிரிஞ்சு வருது. துணியைத் தண்ணியில போடலை. மெஷின் பழைய கறுப்பு மாடல். ஏழு செட் தைச்சாச்சு. எல்லாத்தையும் பிரிக்கணுமா?

கத்தரிக்கோல்:
அந்த அரை இன்ச் நீட்டல்தான் வியாதியைச் சொல்லிவிடுகிறது. கீழே இருக்கும் பல் அடித்துணியை இழுக்கிறது; மேல்துணியை ஃபுட் (ஊசிக்கு அடியில் துணியை அழுத்தும் பாதம்) அழுத்திப் பிடித்து நம் பக்கமாகத் தள்ளுகிறது. மல் துணியாக இருந்தால் வழுக்கிச் சமாளித்துவிடும். ஃபிளானலில் இரண்டு பக்க மயிரும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால், ஒரு தடவை நகர்ந்தது திரும்பாது. எல்லாத் தையலையும் ஒரே முனையிலிருந்து ஆரம்பித்தால் அந்த வித்தியாசம் ஒரே பக்கமாகச் சேரும், செட் வளையும்.

முதல் தையல் மேலிருந்து கீழே என்றால் அடுத்தது கீழிருந்து மேலே. 4 இன்ச்சுக்கு ஒரு குண்டூசி. ஃபுட் கம்பியின் தலையில் இருக்கும் அழுத்தத் திருகை ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள். ஊசி 14 நம்பர், இன்ச்சுக்கு 9 அல்லது 10 தையல். அதற்கு மேல் நெருக்கினால் ஓரம் அலையலையாக விரியும். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட்) இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதன் கை ஊசித் திருகின் மேல் உட்கார வேண்டும். பழைய மெஷினுக்கு எல்லாம் பொருந்தாது, மாட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கால் இன்ச் போதாது. மயிர் எழுப்புவதற்காகவே நூலைத் தளர்வாக முறுக்கி நெய்த துணி இது, சுலபமாகப் பிரியும். அரை இன்ச் விடுங்கள். மூன்றரை இன்ச் பட்டை மூன்று சேர்ந்தால் பத்தரை; ஒரு தையலுக்கு இரு பட்டையிலும் அரை அரை இன்ச் என, இரண்டு தையலுக்கு 2 இன்ச் போக எட்டரை. அதே எட்டரைக்கு வெட்டினால் சதுரம் வரும், தைத்தபின் ஏழரை. குறுக்கே 6, நீளத்தில் 8 என 48 சதுரம் வைத்தால் நீங்கள் கேட்ட அளவு சரியாக வரும்.

நாலு முழம்:
மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க: பட்டையை கரைக்கு கரை வெட்டாதீங்க. குறுக்கு நூல்தான் அதிகம் இழுபடும். கரைக்கு இணையா, நீளவாக்கில வெட்டினா பாதி வளைவு அங்கயே போயிடும். 44 பன்னான்னா ஒவ்வொரு கலரும் 1.25 மீட்டர், 10 பட்டை, ஒரு செட்டுல 5 சதுரம். 36 பன்னாதான் கிடைச்சதுன்னா 1.5 மீட்டர், 8 பட்டை, ஒரு செட்டுல 6.

நனைக்காம வெட்டினதுதான் பெரிய தப்பு. மூணு கலரும் ஒரே மாதிரி சுருங்காது. தைச்சு முடிச்சு முதல் சலவையிலேயே ஒரு பட்டை மட்டும் கொசுவிக்கும். வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு, காய வெச்சு, அப்புறம்தான் கத்தரி. சிவப்பு, மெரூனை தனியா நனைங்க. உப்பு போட்டா சாயம் நிக்கும்னு சொல்றதை நம்பாதீங்க. ஈரத்துல வெள்ளைத்துணியால தேய்ச்சுப் பாருங்க, ஒட்டினா இன்னும் அலசணும்.

மஞ்சக்கிழங்கு:
ஏற்கெனவே கரைக்கு கரை வெட்டிட்டேனே. அதைத் தூக்கிப் போடவா?

நாலு முழம்:
போட வேணாம். ஏழு செட்டையும் பிரிங்க. நூலை வெறுமனே இழுத்தா மயிரும் சேர்ந்து வரும்; ஒரு பக்கத்துல நாலு தையலுக்கு ஒண்ணு வெட்டிட்டு, மறுபக்க நூலை உருவுங்க. பட்டைங்களை மெஷின்ல போட்டா நூடுல்ஸ்தான். வாளில கையால நனைச்சு, முறுக்காம, துண்டு மேல படுக்க வெச்சு காயவிடுங்க. கொடியில தொங்கவிட்டா நீண்டுக்கும். அப்புறம் நீர்க்க ஜவ்வரிசிக் கஞ்சி தொட்டு இஸ்திரி: பெட்டியைத் தேய்க்காம, தூக்கித் தூக்கி அழுத்துங்க. விறைப்பா இருந்தா வெட்டும்போதும் தைக்கும்போதும் நெளியாது. இந்த ஐப்பசி மழைல கஞ்சித்துணி காயாம பூஞ்சை பிடிக்கும், அன்னன்னிக்குத் தைக்கிற அளவு மட்டும் போடுங்க. முடிஞ்சதும் அலசிடணும், இல்லன்னா கரப்பான் கடிச்சு வைக்கும்.

சுருங்கினதை எல்லாம் மூணேகால் இன்ச்சுக்கு சீராக்கிடுங்க. செட் ஏழேமுக்கால் வரும், 48 சதுரத்துல குவில்ட் 40½-க்கு 54. கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

கத்தரிக்கோல்:
சதுரம் வெட்டும்போது ஸ்கேலின் கோட்டைத் துணியின் ஓரத்தோடு ஒட்ட வேண்டாம், நடுப்பட்டையின் தையல்மேல் வையுங்கள். ஓரம் பொய் சொல்லும். ஒன்றை நிற்கவும் அடுத்ததைப் படுக்கவும் மாற்றி மாற்றி அடுக்கினால் உள்தையல் எதுவும் எதோடும் பொருந்த வேண்டியதில்லை, மூலைகள் மட்டும் சேர்ந்தால் போதும். தையல்களை இரண்டு பக்கமும் விரித்து அழுத்துங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்தால் மூலையில் கட்டி போல நிற்கும், அங்கேதான் ஊசி உடையும்.

பாபின் பெட்டி:
ஒவ்வொரு பாபின் மாத்தும்போதும் பிளேட்டைக் கழட்டி பிரஷ் போடுங்க. ஃபிளானல் பஞ்சு பல்லுக்கு நடுவுல திண்டு மாதிரி உறைஞ்சு உட்காரும், தையல் தாண்டும். ஊதாதீங்க, உள்ள போயிடும். சுத்தம் பண்ணிட்டு ஹூக்குல ஒரு சொட்டு எண்ணெய்.

உள்ள பாலியஸ்டர் வாடிங் (நடுவுல வைக்கிற பஞ்சு அடுக்கு) வேணாம், ஏசி நின்ன அடுத்த நிமிஷம் அடுப்பு மாதிரி இருக்கும். மேல் ஒண்ணு, கீழ் ஒண்ணு, ரெண்டு ஃபிளானலே சென்னைக்குத் தாராளம். அடித்துணி நாலு பக்கமும் மூணு இன்ச் பெரிசா இருக்கட்டும். 4 இன்ச்சுக்கு ஒரு ஊக்கு போட்டு, நடுவுல ஆரம்பிச்சு வெளிய போய், சதுரத்தோட தையல் பள்ளத்துலேயே ஓட்டுங்க. ஓரப்பட்டையை மட்டும் பாப்ளின்ல இரண்டரை இன்ச்சா வெட்டி ரெண்டா மடிச்சுப் போடுங்க, அரை மீட்டர் போதும். அதையும் ஃபிளானல்ல போட்டா மூலைல ஆறேழு மடிப்பு சேரும், கறுப்பு மெஷினே திணறும்.