வினைமையம்: இரண்டு கிளை இருந்தும் எலக்ட்ரான் ஏன் ஒரே பக்கம் போகிறது?

பச்சையம்:
எம்.எஸ்சி. முதலாண்டு. ரோடோபாக்டர் ஸ்ஃபேராய்டிஸ் என்ற பாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கை வினைமையத்தை (ஒளியாற்றலால் எலக்ட்ரானைக் கிளப்பிவிடும் புரதம்) திரையில் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எலக்ட்ரான் புறப்படும் சிறப்பு இணையிலிருந்து (ஒட்டி நிற்கும் இரண்டு பாக்டீரியோகுளோரோபில் நிறமிகள்) எல், எம் என இரண்டு நிறமிக் கிளைகள். ஒன்றை 180 பாகை திருப்பினால் மற்றதன் மேல் ஏறக்குறைய அப்படியே உட்காருகிறது. நிறமிகளும் அதே நிறமிகள். ஆனால் எலக்ட்ரான் எல் பக்கம்தான் போகும் என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எம் பக்கம் என்ன பாவம் செய்தது?

துள்ளி:
தூரம்தான். எலக்ட்ரான் தாவ இடைவெளி சுமார் 14 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும். 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடினாலே வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

பச்சையம்:
அளந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தூரம்.

சவ்வுப்புரதன்:
துள்ளி சொன்னது எலக்ட்ரான் எப்படித் தாவுகிறது என்பதற்குப் பதில். ஏன் ஒரே பக்கம் என்பதற்கு அல்ல. நிறமிகளை விட்டுவிட்டு அவற்றைச் சுற்றியிருக்கும் அமினோ அமிலங்களைப் பாருங்கள். எம்210இல், அதாவது எம் புரதச் சங்கிலியின் 210ஆம் இடத்தில், ஒரு டைரோசின், எல் பக்கத்துத் துணை பாக்டீரியோகுளோரோபில்லை ஒட்டி நிற்கும். அதன் ஓஎச் முனையால் அங்கே எதிர் மின்னூட்டம் எளிதாகத் தங்குகிறது. மறுபக்கம் அதே இடத்தில், எல்181இல், ஓஎச் இல்லாத ஃபினைல்அலனின். சரி, டைரோசினை எடுத்துவிட்டு அங்கும் ஃபினைல்அலனினை வைத்தால்? சுமார் 3 பிக்கோ வினாடியில் (ஒரு பிக்கோ வினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) முடிகிற முதல் தாவல் மெதுவாகும். ஆனாலும் எலக்ட்ரான் எம் பக்கம் திரும்பிவிடாது. ஒரே ஒரு அமிலத்தின் வேலை இல்லை இது.

எனக்கு இதைவிட வியப்பு, கிளைகளின் முனைகளில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் குயினோன்கள். எலக்ட்ரான் முதலில் கியூஏ என்ற குயினோனுக்கும் அங்கிருந்து கியூபிக்கும் போகிறது. உங்கள் பாக்டீரியாவில் கியூஏ, கியூபி இரண்டுமே யூபிகுயினோன்-10. கியூஏ இருக்கும் குழியில் தண்ணீர் அண்டாது. அங்கே ஒரு எலக்ட்ரானோடு சரி. கியூபி குழியிலோ குளுட்டமேட் எல்212, செரின் எல்223 போன்றவை புரோட்டானைக் கைமாற்றிவிடுகின்றன. இரண்டு எலக்ட்ரான், இரண்டு புரோட்டான் சேர்ந்ததும் குயினோன் குயினாலாக மாறி, கழன்று சவ்வுக்குள் போய்விடும். மூலக்கூறு ஒன்றே, உட்கார்ந்த குழிதான் வேறு.

வயல்காட்டான்:
அந்தக் கியூபி குழியை எங்கள் வேளாண் ஆட்களுக்கும் நன்றாகத் தெரியும். செடிகளில் இதே போன்ற வினைமையம் ஒளியமைப்பு 2 என்ற புரதத் தொகுதியில் உண்டு; அதன் கியூபி குழி டி1 புரதத்தில் இருக்கிறது. களைக்கொல்லி அட்ரசின் அதில் போய் உட்கார்ந்துகொண்டு குயினோனை உள்ளே விடாது. 264ஆம் இடத்துச் செரின் கிளைசினாக மாறினால் அட்ரசினுக்குப் பிடி கிடைக்காது. கீரை இனத்துக் களையான அமராந்தஸ் ஹைபிரிடஸில் 1983இல் கண்டது இது. ஆனால் அந்தக் களையில் கியூஏவிலிருந்து கியூபிக்குப் போகும் எலக்ட்ரானும் மந்தமாகிவிடும். அதனால் மருந்தடிக்காத வயலில் பெரும்பாலும் சாதாரணச் செடிதான் முந்துகிறது.