ஸ்க்ளீரோடெர்மா: ஆன்டிபாடி சோதனையில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். தோல் தடித்து இறுகிப்போகும் இந்த நோய் வந்த முதல் வருடத்திலேயே கையை மூடிப் பிடிக்க முடியாமல் போயிற்று. சட்டைப் பொத்தானைக்கூட அடுத்தவர்தான் போட்டுவிட வேண்டும். அந்த நிலையில்தான் முதற்கட்டச் சோதனையில் சேர்ந்தேன். தோலைத் தடிக்கவைக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் குவிக்கும்படி செல்களை ஏவும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தைக் கட்டிப்போடுகிற ஆன்டிபாடி அது. டிரிப்ஸில் ஏற்றினார்கள்.

ஊசியைவிட மனதில் நிற்பது டாக்டர் தோலைக் கிள்ளிப் பார்த்ததுதான். உடம்பில் 17 இடம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், 3 என்றால் மிகவும் தடித்தது; அதிகபட்சம் 51. என் முன்கையில் அவர் விரலுக்குப் பிடியே கிடைக்கவில்லை. 3 போட்டார். சில வாரம் கழித்து அதே இடத்தில் கிள்ளியபோது மெல்லிசாக ஒரு மடிப்பு எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு எங்கள் சோதனையில் இல்லை; இந்த நோயில் தோல் தானாக இளகுவதும் உண்டு. அதற்காகத்தான் முன்கையில் தோல் துணுக்கை வெட்டி பயாப்ஸி எடுத்து, டி.ஜி.எஃப்.-பீட்டா தூண்டிவிடும் ஜீன்கள் உள்ளே அடங்கியிருக்கின்றனவா என்று பார்த்தார்கள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

—

நானும் அப்படி ஒன்றில் இருந்தேன். தோல் இளகியது உண்மை, ஆனால் ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது. மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கும். களைப்பு நோயால்தான் என்று வாரக்கணக்கில் சொல்லாமலே இருந்தேன், தப்பு செய்துவிட்டேன். டி.ஜி.எஃப்.-பீட்டாவைத் தடுக்கும் ஃப்ரெசோலிமுமாப் என்ற ஆன்டிபாடி பற்றி 2015இல் வெளியான ஆய்வில், 15 பேர்தான், அதிலும் ரத்தசோகையும் ரத்தக்கசிவும் வந்தன. சேரப்போகிறவர்கள் சின்ன மாற்றத்தையும் அன்றே சொல்லிவிடுங்கள். முதற்கட்டம் நடப்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான்.

—

என்னைச் சேர்க்கவில்லை. நோய் தொடங்கி வெகுநாள் ஆகிவிட்டது, ஆரம்பத்தில் இருப்பவர்கள்தான் வேண்டும் என்றார்கள். அன்று மனசு உடைந்துபோனது. பிறகுதான் பழையதைப் படித்தேன். டி.ஜி.எஃப்.-பீட்டாவின் ஒரு வகையை மட்டும் தடுத்த கேட்-192 மருந்தை 45 பேரிடம் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள், பலன் தெரியவில்லை. அந்த 45 பேரும் கையை நீட்டினார்கள்; பிறகு ஃப்ரெசோலிமுமாபில் மூன்று வகையையும் தடுத்துப் பார்த்தார்கள். அவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

முதலில் எழுதியவருக்கு: மருந்து நின்ற பிறகு உங்கள் தோல் எப்படி இருக்கிறது?

—

கொஞ்சம் திரும்ப இறுகியது. ஆனால் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன், மேல் பொத்தான் தவிர.